கையெழுத்துப் போடத் தெரியாதவன்

ஷைலோபெக்குக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நாரின் என்ற மலை நகரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவனைக் கேட்டால் முதல் ஆளாக அவனே சொல்வான். வேதியியல் படித்தவன், தேன் ஆய்வகத்தில் மூத்த ஆய்வாளன், நாற்பத்தேழு வயது, இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். சம்பளத் தாளில் போடுவான், வங்கியில் போடுவான், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் வளைத்து வளைத்துப் போடுவான். ஆனால் சோதனை அறிக்கையின் அடியில், அங்கீகார முத்திரைக்குப் பக்கத்தில், இந்த முடிவுக்கு நான் பொறுப்பு என்று போடவேண்டிய கையெழுத்து ஒன்று இருக்கிறதே, அதற்கு மட்டும் அவனுக்கு உரிமை கிடையாது. தலைநகரிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து, உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, இவர் தேறிவிட்டார் என்று எழுதிக்கொடுத்தால்தான் அந்த உரிமை. இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் நம் ஆள் கோட்டை விட்டான்.

அவன் பிறந்த அன்று தேர்தல். ஷைலோ என்றால் தேர்தல்தான்; வாக்குச்சாவடியிலிருந்து வந்த கையோடு அப்பா அந்தப் பெயரை வைத்துவிட்டார். தேர்தல் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்றிலும் தேராதவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று சொல்லிச் சிரிப்பான். அடுத்தவன் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலி குறையும் என்பது அவன் கணக்கு. குறைந்ததா என்றால், அதுவும் இல்லை.

முதல் முறை வந்தவர் ஓர் அம்மாள். சாதுவாகத்தான் ஆரம்பித்தார். உங்கள் அளவீட்டில் நிச்சயமின்மை எவ்வளவு என்று கேட்டார். எந்த அளவும் முழுக்கச் சரியாக இருக்காது, இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லவேண்டும். ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்கும் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம். ஷைலோபெக்குக்கும் தெரியும். ஆனால் பதற்றத்தில் அவன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஆய்வகத்தின் மானத்தையே யாரோ சந்தேகப்படுகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க ஆய்வகத்துல நிச்சயமின்மையே கிடையாதுங்க. எல்லாம் நிச்சயம்" என்றான். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு பையை மூடினார்.

இரண்டாவது முறை வந்தவர் பெரியவர். வெள்ளைத் தாடி, தலையில் உயரமான கம்பளித் தொப்பி. கேள்விகளுக்கெல்லாம் ஷைலோபெக் நன்றாகத்தான் பதில் சொன்னான். கடைசியில் அவர் ஓர் அறிக்கையை எடுத்து மேசையில் வைத்து, பேனாவை நீட்டி, "போடு தம்பி" என்றார். எங்கள் பக்கம் பெரியவர் ஒன்றை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கவேண்டும். இவன் இரண்டு கையாலும் வாங்கினான், போட்டான், பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி வேறு சொன்னான். தேனைச் சூடுபடுத்தினால் கூடுகிற பொருள் ஒன்று உண்டு. அதற்கு எல்லை நாற்பது. அந்தத் தாளில் நூற்றெண்பது என்று இருந்தது. பதினெட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போனதை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார் பெரியவர். தாடியைத் தடவிக்கொண்டு, நல்ல பிள்ளையாத்தான் வளத்திருக்காங்க, ஆனா இந்த வேலைக்கு நல்ல பிள்ளை ஆகாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இதையெல்லாம் ஷைலோபெக் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கவைப்பான். சிரிக்காத ஒரே ஆள் தொப்சுகுல் அக்கா.

தொப்சுகுல் அக்காதான் ஆய்வகத் தலைவி. அறுபதை எட்டிப்பிடிக்கப் போகிறவர். தேன் அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை அந்த மாகாணத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. இன்னொருவன் இருந்தான், அவன் மாஸ்கோவுக்குப் போய் டாக்ஸி ஓட்டுகிறான். அதனால் அக்காவுக்கு விடுப்பு என்பதே கிடையாது. பித்தப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே அறிக்கைகளைக் கொண்டுபோனார்கள். மயக்கம் முழுசாகத் தெளிந்துவிட்டதா என்று தன் பெயரையும் அன்றைய தேதியையும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பேனாவைத் தொட்டாராம். அவ்வளவு சுத்தமான மனுஷி.

அவருடைய ஒரே மகள் பெர்மெத் எல்லை தாண்டி, கசான் நகரத்தில் இருக்கிறாள். மூன்று முறை கரு தங்காமல் போய், இப்போது எட்டாவது மாதம். டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அம்மா வா, அம்மா வா என்று தினமும் போன். அக்கா பயணச்சீட்டு எடுத்துவிட்டார். ஆனால் தேன் பருவம் தொடங்குகிறது. மலையிலிருந்து வெள்ளைத் தேன் டப்பா டப்பாவாக இறங்கும். கையெழுத்தில்லாத அறிக்கையை எல்லையில் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஷைலோபெக் இந்த முறை தேறினால் அக்கா போகலாம். தேறாவிட்டால் அடுத்த மதிப்பீட்டாளர் இலையுதிர் காலத்தில்தான் வருவார். விஷயம் அவ்வளவுதான். அதற்கு மேல் அவனிடம் யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அதனால் அவன் உயிரைக் கொடுத்துப் படித்தான். புத்தகம் போதாது, முடியாது என்று சொல்லப் பழகவேண்டும் என்றாள் மனைவி ஜிபாரா. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் எதிரில் உட்கார்ந்து, மளிகைச் சீட்டு, மின்சார ரசீது, சின்னவளின் ஓவியம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நீட்டிப் போடு என்பாள். இவன் மாட்டேன் என்று சொல்லவேண்டும். முதல் வாரம் பூராவும் இவன் போட்டான். ஒரு முறை, வீட்டை அவள் பெயருக்கு எழுதிவைப்பதாக அவளே எழுதிய தாளிலும் போட்டான். ஜிபாரா அதை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டு, "முடியாதுன்னு சொல்ல உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள். அவளுக்கு வாய் அதிகம். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் அவனுடைய சட்டைக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டவளும் அவள்தான்.

மூன்றாவது மதிப்பீட்டாளர் பெயர் எர்னிஸ். முப்பத்தைந்துக்குள் இருக்கும். ஒல்லியான ஆள், ஒல்லியான டை. குடிக்கத் தண்ணீரைக்கூடத் தன் பாட்டிலில் கொண்டுவந்திருந்தான். அண்ணே, அக்கா என்று ஒருவரையும் கூப்பிடவில்லை. ரஷ்யர்கள் மாதிரி தகப்பன் பெயரையும் சேர்த்து, ஷைலோபெக் கிடிர்மிஷெவிச் என்று முழுநீளத்துக்குக் கூப்பிட்டான். அந்தப் பெயரைக் கேட்டதும் இவனுக்கு அப்பா பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. வானிலையைத் தவிர வேறு எதையும் பேசித் தொலைக்காதே என்று தொப்சுகுல் அக்கா காலையிலேயே எச்சரித்திருந்தார்.

முதலில் சோதனையைச் செய்துகாட்டச் சொன்னான். ஷைலோபெக் செய்துகாட்டினான். நிச்சயமின்மை எவ்வளவு என்றான் எர்னிஸ். பழைய கதை தலைநகர் வரைக்கும் போயிருக்கிறது என்று ஷைலோபெக்குக்குப் புரிந்தது. எடை பார்க்கும் தராசிலிருந்து இவ்வளவு, வெப்பத்திலிருந்து இவ்வளவு, குடுவையிலிருந்து இவ்வளவு என்று தாளில் கணக்குப் போட்டு விளக்கினான். கடைசியாக, சோதிப்பவனின் கையிலிருந்து இவ்வளவு, அது என் விஷயத்தில் கொஞ்சம் தாராளம் என்று சேர்த்துக்கொண்டான். எர்னிஸின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

பிறகு அறிக்கை வந்தது. எர்னிஸ் அதை வைத்துவிட்டுப் பேனாவை நீட்டவில்லை, பக்கத்தில் வைத்தான். ஷைலோபெக் எண்களைப் பார்த்தான். எல்லாம் எல்லைக்குள். புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில். அலகுகள் சரி. வியர்த்தது. ஒன்றும் தப்பில்லை என்றால் போட்டுவிடவேண்டியதுதானே என்று கை பேனா வரைக்கும் போய்விட்டது. அப்போதுதான் மேலே இருந்த தேதிகளைக் கவனித்தான். தேன் ஆய்வகத்துக்கு வந்தது பன்னிரண்டாம் தேதி. சோதனை முடிந்தது பத்தாம் தேதி.

கையை மடியில் வைத்துக்கொண்டான். மாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டான் எர்னிஸ். எண்ணில் தப்பிருக்கிறதா, தேன் கெட்ட தேனா, நீங்களே மறுபடி சோதித்தாலும் இதே முடிவுதானே வரும் என்று விடாமல் கேட்டான்.

"தேன் நல்ல தேன்தாங்க," என்றான் ஷைலோபெக். "தாள்லதான் பொய் இருக்கு. தேன் வர்றதுக்கு முன்னாடியே சோதிச்சிட்டதா எழுதியிருக்கு. இதுல என் பேரப் போட முடியாது."

எர்னிஸ் தாளை எடுத்து உறைக்குள் வைத்தான். தேறிவிட்டீர்கள், மாலையில் முடிவுக் கூட்டம், அதில் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றான். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். ஷைலோபெக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்து, என்னடா தேர்தல், ஜெயிச்சிட்டியா என்று கேட்டுக்கொண்டான்.

இத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எல்லா மனிதர்களும் இருந்திருப்பார்கள்.

பரீட்சை முடிந்த பிறகு ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பதில் தப்பில்லை என்று தொப்சுகுல் அக்கா எர்னிஸைச் சம்மதிக்கவைத்தார். அலுவலக மேசையிலேயே துணி விரித்து, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளைக் குவித்து, பாலேட்டுக் கிண்ணத்தை நடுவில் வைத்தார். அக்காவின் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. தேநீரை ஊற்றிக்கொண்டே, கசானில் இப்போது வெயிலா மழையா என்று யாரையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வானிலைதான்.

ஷைலோபெக்குக்கு மனசு நிறைந்து வழிந்தது. எதிரில் ஒரு வாலிபன் உட்கார்ந்து தன் கையால் ஒரு துண்டை எடுத்துப் பாலேட்டில் தோய்த்துத் தின்கிறான். எங்கள் ஆட்கள் இருவர் ஒரு விரிப்பில் உட்கார்ந்தால் கேட்காமல் இருக்கமுடியாத கேள்வி ஒன்று உண்டு. கேட்காவிட்டால் மரியாதைக் குறைவு. மனிதனை மனிதனாக மதிக்கவில்லை என்று அர்த்தம். அது அவன் வாயிலிருந்து தானாக வழுக்கி விழுந்தது.

"தம்பிக்கு எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?"

தொப்சுகுல் அக்கா மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தார். தாமதமாகிவிட்டது. அப்பா தாலாஸ் பக்கம் என்றான் எர்னிஸ். அங்கே நிறுத்தியிருக்கலாம், ஆனால் அவனும் எங்கள் மலையில் பிறந்தவன்தானே, அம்மா இங்கேதான், அட்பாஷி என்று தானாகச் சேர்த்தான். அட்பாஷியில் யார் என்று இவன் கேட்டான். புருல்கான் என்றான். எந்தப் புருல்கான், யார் மகள், அவர் யார் மகன்? அவ்வளவுதான், இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். ஏழு தலைமுறைத் தகப்பன் பெயரையும் மனப்பாடம் செய்துதான் எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். தாய் வழியையும் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். எர்னிஸ் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தான். அம்மாவின் தாத்தா பைகாசி. பைகாசியின் அப்பா மோல்தோகுல்.

ஷைலோபெக் கோப்பையை வைத்தான். அவனுடைய தாத்தா தபில்தி. தபில்தியின் அப்பா மோல்தோகுல். பைகாசியும் தபில்தியும் அண்ணன் தம்பி.

"புருல்கான் அக்கா," என்றான் அவன். "கோடைக்கு எங்க கூடாரத்துக்கு வருவாங்க. என்னைக் கழுதை மேல ஏத்திவிட்டு, கழுதைய ஒரு தட்டு தட்டுனாங்க. இந்தா, பல்லு பாதி போச்சு. நீ அவங்க பையனா?"

வாயைத் திறந்து பல்லைக் காட்டினான். எர்னிஸ் அந்தப் பல்லைப் பார்த்தான். வீட்டில் அம்மா வருஷத்துக்கு நாலு தடவை சொல்கிற கழுதைக் கதை அது. ஒல்லி டைக்கு மேலே அவன் முகம் அப்படியே மலர்ந்தது. எழுந்து, இரண்டு கையாலும் ஷைலோபெக்கின் கையைப் பிடித்துக்கொண்டான். கிடிர்மிஷெவிச் எங்கேயோ போய்விட்டது. "மாமா" என்றான்.

அக்கா மகன் முதன்முதலாக உறவு தெரிந்து வந்து நின்றால், தாய்மாமன் சும்மா இருக்கக்கூடாது. நம் ஆள் மூன்றாவது மாடியில், இரண்டு அறைக் குடியிருப்பில் இருக்கிறான். அவனிடம் இருக்கும் ஒரே கால்நடை ஜிபாராவின் பூனை. ஆனாலும் ஆனந்தத்தில் எழுந்து நின்று, எங்க அண்ணன் மந்தைல இருந்து உனக்கு ஒரு குதிரைக்குட்டி, இது மாமன் வாக்கு என்று அறிவித்தான். அறிவித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். தொப்சுகுல் அக்கா தேநீர்க் கெண்டியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. மதிப்பீட்டாளன் மாமனைத் தேறவைத்திருக்கிறான். மாமன் மதிப்பீட்டாளனுக்குக் குதிரைக்குட்டி கொடுத்திருக்கிறான். மாலையில் முடிவுக் கூட்டம். அந்தக் காகிதக் கட்டில் முதல் தாளே, எங்கள் இருவருக்கும் எந்த உறவும் இல்லை என்று இரண்டு பேரும் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடும் தாள். மூன்றாவது, நாலாவது தலைமுறை உறவெல்லாம் மற்ற நாட்டில் உறவா என்று தெரியாது. எங்களுக்கு அது ரத்தம். ஏழு தலைமுறைக்குள் பெண் எடுத்தால் ஊரே காறித் துப்பும்.

எர்னிஸ் உட்கார்ந்தான். டையைத் தளர்த்திக்கொண்டு, பாலேட்டுக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்தான். பிறகு மெல்லப் பேசினான். கேள்வி கேட்டபோது எனக்கு எதுவும் தெரியாது, பதில் சொன்னபோது உங்களுக்கும் தெரியாது, தேறியது நேர்மையாகத் தேறியது, அதில் ஓர் அணுவளவும் கலப்பில்லை என்றான். நான் விலகிக்கொண்டால் இந்தப் பரீட்சையே செல்லாது, இலையுதிர் காலம் வரைக்கும் இந்த ஆய்வகம் என்ன செய்யும் என்றும் கேட்டான். கேட்டதெல்லாம் நியாயம். அப்புறம் அவன் மாமனின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"மாமா, எனக்குக் குதிரைக்குட்டியெல்லாம் வேணாம். அக்கா மகன் வாய்விட்டுக் கேட்டா மாமன் இல்லன்னு சொல்லமாட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இப்பப் பேசுனத நாம பேசவே இல்ல. அத மட்டும் குடுங்க."

அது உண்மை. தாய்மாமன் வீட்டில் அக்கா மகன் கேட்டதை இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் மலைகளில் கிடையாது. ஓட்டத்தில் ஜெயித்த குதிரையைக் கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறார்கள். இவன் கேட்பது வெறும் மௌனம்.

ஷைலோபெக் தொப்சுகுல் அக்காவைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தேதி தவறியதற்காக அவனுடைய அறிக்கைகளை எத்தனையோ முறை முகத்தில் எறிந்த மனுஷி. இப்போது அவர் அவனைப் பார்க்காமல் மேசைத் துணியின் ஓரத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டுடு ஷைலோ," என்றார். "எனக்காகப் போட்டுடு."

அந்தக் குரலை அவன் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஒரு தாய் கெஞ்சுகிற குரல்.

ஆசை இல்லாமல் இல்லை. அதை ஒளிக்க அவன் முயலவும் இல்லை. போட்டால் அக்கா கசானுக்குப் போவார். போட்டால் ஜிபாரா வாயடைத்துப் போவாள், குறைந்தது ஒரு வாரத்துக்கு. போட்டால் கல்யாண வீடுகளில் சொல்ல வேறு கதை கிடைக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இந்த அறைக்கு வெளியே ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியப்போவதில்லை. போட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். சத்தியமாக அதற்குத்தான் திறந்தான்.

ஆனால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு தான் போடப்போகும் முதல் கையெழுத்து எதுவாக இருக்கும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அந்த உறவுத் தாளில் போடுவதுதான். அதற்கப்புறம் ஆயிரம் டப்பா தேனுக்குப் போட்டாலும், எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடக்கும். எவனாவது ஒரு தேன்காரன் வந்து, கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணே என்றால், இவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பான்? நாரினில் பாதிப்பேர் இவனுக்குச் சொந்தக்காரர்கள். மீதிப்பேர் ஜிபாராவுக்கு.

"நான் தேறுனது நெசம்தான் மருமகப்புள்ள," என்றான். "இன்னிக்குத்தான் வாழ்க்கைல மொத தடவையா நெசமாவே தேறுனேன். ஆனா தாள்ல பொய் இருக்கு. போடமாட்டேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே கோபம் வந்தது. பெரிய அரிச்சந்திரன் வேஷம். மளிகைச் சீட்டுக்குக்கூட மாட்டேன் என்று சொல்லத் துப்பில்லாதவனுக்கு, இன்றைக்குப் பார்த்து, இந்த இரண்டு பேருக்கு முன்னால், தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளத் துணிச்சல் வந்துவிட்டது. தொப்சுகுல் அக்காவின் பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் வரவில்லை.

எர்னிஸ் காகிதக் கட்டிலிருந்து முதல் தாளை எடுத்து, உறவு இல்லை என்ற வரியை அடித்து, தாய்மாமன் முறை என்று எழுதினான். கீழே காரணத்தோடு தன் விலகலையும் எழுதிப் போட்டான். அவனுடைய கையெழுத்து சின்னதாக, சுத்தமாக இருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று நெஞ்சில் கை வைத்து வணங்கினான். அடுத்து வர்றவர் யாருன்னு பேர் தெரிஞ்ச உடனே அவரோட ஏழு தகப்பன் பேரையும் உங்களுக்கு அனுப்பிடறேன் மாமா, பரீட்சைக்கு முன்னாடியே பாத்துக்கங்க என்றான். சிரிக்கவைக்கத்தான் சொன்னான். ஷைலோபெக் சிரித்தும் வைத்தான். கார் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். உள்ளே போகப் பயம்.

உள்ளே போனபோது தொப்சுகுல் அக்கா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அவனுடைய கோப்பையை எடுத்து, மிச்சத் தேநீரைத் தொட்டியில் ஊற்றி, கழுவி, கவிழ்த்து வைத்தார். கண் சிவந்திருந்தது.

"மொத தடவ முட்டாளா இருந்து தோத்த," என்றார் முதுகைக் காட்டிக்கொண்டே. "ரெண்டாவது தடவ கோழையா இருந்து தோத்த. இந்தத் தடவைக்கு உன்னை என்னன்னு திட்டறதுன்னு எனக்குத் தெரியல. அதான் பேசாம இருக்கேன். நீயும் கொஞ்சம் பேசாம இரு."

மன்னிச்சிக்கங்க அக்கா என்று சொல்ல வாயெடுத்தவன் பேசாமல் இருந்தான். அக்கா தன் அறைக்குள் போனார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. ஷைலோபெக் போயிருக்கவேண்டும், போகவில்லை. நடைபாதையில் சுவரை ஒட்டி நின்றான். ஒட்டுக்கேட்பது கேவலம் என்று தெரியும். அன்றைக்கு அவன் நல்லவனாக இருந்தது போதும் என்று அவனுக்கே தோன்றியது.

முதலில் பயணச்சீட்டை ரத்து செய்யச் சொல்லி யாரிடமோ பேசினார். பிறகு மகளைக் கூப்பிட்டார். வர முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை அவர். உன் மாமியாரை வரச் சொல்கிறேன், இரும்பு மாத்திரையை விடாதே, மாடிப்படி இறங்காதே என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கம் பெர்மெத் அழுவது கதவுக்கு வெளியே நின்றவனுக்கே கேட்டது. இத்தனை வருஷமாகக் கையெழுத்துப் போட இன்னொரு ஆள் கிடைக்கவில்லையா, ஒரே ஓர் ஆள் கிடைக்கவில்லையா என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஆள் கெடச்சிட்டான்டி," என்றார் தொப்சுகுல் அக்கா. "அதனாலதான் என்னால வர முடியல."

ஷைலோபெக் காலையில் சோதனைக்கு எடுத்த குடுவைகளைக் கழுவப் போனான். கழுவும்போது ஒன்றை உடைத்தான்.